அயல்மொழிக் கல்வியும் தன்னம்பிக்கையும்



செங் வட்டாரத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளைகளுட் சிலர், அயல்மொழி ஒன்றைக் கற்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே 'எனக்கு வராது' என்று சொல்லிவிடுகின்றனர். அச்சொல் பிறந்தபின் வகுப்பில் வாய் திறவார். வாய் திறவாதார்க்கு எம்மொழியும் வாராது. ஆதலின் இன்று அச்சொல்லையே ஆராயப் புகுகின்றோம்.

ஒரு செயலைத் தன்னால் செய்ய இயலும் என்னும் நம்பிக்கை நான்கு வழிகளில் பிறக்கும் என்று உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எடுத்துரைத்தார். தானே செய்து வென்ற பட்டறிவு, தம்மையொத்தார் வெல்வதைக் காணல், பிறர் கூறும் ஊக்கவுரை, அச்சமோ அமைதியோ கொண்ட உடல், உள்ள நிலை என்பன அவை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. வெறும் பாராட்டு முதல் தோல்வியிலேயே தேய்ந்துவிடும்.

அத்தகைய பட்டறிவு நம் மாணவர்க்கு இல்லையா? உண்டு, அதனை அவர்கள் கணக்கிற் கொள்வதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஏழு வயதிலேயே தமிழோடு மலாயையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே பயின்றவர்கள் அல்லரோ இவர்கள்!

சப்பானிய மொழியைக் காண்போம். 'தோக்கியோ நி இகிமாசு' என்றால் 'தோக்கியோவுக்குப் போகிறேன்' என்பது பொருள். நம் 'கு' உருபு நிற்குமிடத்தில் 'நி' நிற்கின்றது. வினைச்சொல் இறுதியில் வருகின்றது. தமிழறிந்தார்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. இதனை முதல் வாரத்திலேயே காட்டும் ஆசிரியர், மாணவர்க்கு ஒரு சிறு வெற்றியைக் கையிலே தருகின்றார்.

காலம் கடந்துவிட்டது என்பார்க்குத் தனிநாயகம் அடிகளாரை நினைவூட்டுகின்றோம். உரோமையில் கற்றுத் திரும்பிய அவர், முப்பது வயதைக் கடந்தபின், 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகப் பயிலப் புகுந்தார். அவரே பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராகி, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடைபெற முன்னின்றார்.

ஆசிரியர்களே, வாரந்தோறும் முடிக்கத்தக்க சிறு பணி ஒன்றைக் கொடுங்கள். முதலில் இருவர் இருவராகப் பேசவிட்டுப் பின்னர் அவைமுன் நிறுத்துங்கள். பேசும்போது இடைமறித்துப் பிழை திருத்தாதீர்கள். முந்திய ஆண்டு மாணவரை அழைத்து வந்து பேசச் செய்யுங்கள்.

மாணவர்களே, மூன்று மொழிகள் பழகிய நாவுக்கு நான்காவது வாராதா? 'வராது' என்று சொல்லுமுன், இதுவரை வந்தவற்றை எண்ணிப் பாருங்கள்.