டேங்கர் வர்ற நேரம்

2024 கோடையில பெங்களூரு தண்ணீர்ப் பஞ்சத்தை நாடே பேசிச்சு. எல்லைக்கு இந்தப் பக்கம், ஓசூர்ல, எங்க வீட்டு போர்வெல்லும் வத்திருச்சு.

மனைவிக்கு ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட். காலையில ஆறரைக்கு வருவாங்க. ஒன்பதுக்கு நான் லாகின். நடுவுல ரெண்டரை மணி நேரம்தான் எங்களுக்குன்னு இருக்கு. டேங்கர்காரரும் கரெக்டா அப்பதான் போன் பண்ணுவார். காபி ஆறிப்போகும், பேச்சு பாதியில நிக்கும்.

குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணி. கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் 2013-ல் தொடங்கிய திட்டம் அது. தென்பெண்ணையில கெலவரப்பள்ளி அணை பக்கத்துலதான். பெங்களூருக் கழிவு நுரையோட வர்ற தண்ணியில துணிகூட துவைக்க முடியாதுங்க.

ஏப்ரல் கடைசியில ஒருநாள் அவங்களே சொன்னாங்க: "டேங்கரை சாயந்திரத்துக்கு மாத்திடலாம்பா, காசு கூட கேட்டாலும் பரவால்ல."

இருநூறு ரூபா கூட கேட்டார். கொடுத்தோம்.