மாடியில் சூரிய மின்சாரம்: புயல் நாளில் விளக்கு எரியுமா?



திருப்பனந்தாள் வட்டாரத்தில் தளம் போட்ட வீடு உள்ளவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "மாடியில சூரியப் பலகை போட்டுட்டா, கரெண்டு போனாலும் நம்ம வீட்டுல விளக்கு எரியுமில்லையா?"

பேட்டரி இல்லாவிட்டால் எரியாது. நல்ல வெயில் அடித்தாலும் எரியாது. மானியத்தில் போடுகிற சாதாரண அமைப்பு மின்வாரியக் கம்பியோடு இணைந்து வேலை செய்வது. கம்பியில் கரெண்டு நின்றதும் அதுவும் தானாக நின்றுவிடும். காரணம் உண்டு. கம்பம் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதல்லவா?

ஆகவே, உங்கள் தேவை என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள். பில் குறைய வேண்டுமா, இருட்டில் வெளிச்சம் வேண்டுமா?

பில்தான் பாரம் என்றால், பேட்டரி இல்லாத அமைப்பே போதும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் வைத்தார்கள். பேட்டரிக்கென்று அதில் தனி மானியம் இல்லை. பணம் கட்டுமுன் இன்றைய நிலவரத்தை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் 2016லேயே இலவசமாகிவிட்டது. குறைவாகக் கரெண்டு செலவழிக்கும் வீட்டுக்குப் போட்ட முதல் திரும்ப வெகு காலமாகும். பில்லை வைத்துக் கணக்குப் பார்க்காமல் கடன் வாங்காதீர்கள்.

இருட்டுதான் கவலை என்றால், பேட்டரி வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயலை நாம் மறக்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் எவ்வளவு தேவைப்படும்?

9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. இரண்டு செல்போனுக்கு 40 வைத்துக்கொள்வோம். மொத்தம் 220, அதாவது கால் யூனிட்டுக்கும் குறைவு. 75 வாட் சாதாரண மின்விசிறி இரண்டு எட்டு மணி நேரம் ஓடினால் 1,200 ஆகிவிடும். 30 வாட்டில் ஓடும் புது வகை விசிறி என்றால் 480தான்.

150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி இருக்கும். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் குறையும். ஆகவே 900தான் நம் கையிருப்பு. விளக்கு, போன், சிக்கன விசிறி இரண்டுக்கும் இது தாராளம். மிக்சி, கிரைண்டர், மோட்டார் இதில் ஓட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மூடாக்கில் பலகை கால்பங்குகூடத் தராத நாள் உண்டு. அன்றைக்கு விசிறியை நிறுத்தி, விளக்கோடு சமாளிக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கிறதா? அதே பேட்டரிக்குப் பொருத்தமான பலகையும் சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்த்தால் செலவு குறையும்.

இனி சில முக்கியக் குறிப்புகள். பலகை தெற்குப் பார்த்து, லேசான சாய்வில் இருக்கட்டும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு பலகையில் விழுந்தாலும் வரிசை முழுவதும் மின்சாரம் குறையும். சட்டத்தைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்; கல்லை மட்டும் வைத்தால் புயல் தூக்கிக்கொண்டு போகும். எர்த் கம்பியும் இடிதாங்கியும் கட்டாயம். அறுவடைத் தூசியை வெயில் ஏறுமுன் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். சாமி விளக்கு, அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் கூடாது.

விற்க வருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "கரெண்டு போனா இது ஓடுமா?" பதிலை விலைப்புள்ளியில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு முன்பணம் கொடுங்கள்.