கப்பல்துறையில் ஒரு ரபி



புலம்பெயர்வு குறித்த இந்தக் கருத்தரங்கில் சட்டங்களும் புள்ளிவிவரங்களும் நிறையவே பேசப்படும். கரையிறங்கும் இடத்தில் அவற்றை எதிர்கொண்ட ஒருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

யூத மதகுருவான ரபி ஹென்றி கோஹென் 1863-ல் லண்டனில் பிறந்தவர். ஜமைக்காவிலும் மிசிசிப்பியிலும் பணியாற்றியபின் 1888-ல் டெக்சஸின் கால்வெஸ்டன் தீவுக்கு வந்தார். 1952-ல் மறையும்வரை அதுவே அவர் ஊர். 1900-ல் பெரும்புயல் அங்கே ஆறாயிரம் பேருக்கு மேல் பலிகொண்டபோது, மதம் பாராமல் நிவாரண வேலையில் இறங்கினார்.

ரஷ்யப் பேரரசின் வன்முறைக்குத் தப்பிய யூதர்கள் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் நெருக்கியடித்து வாழ்ந்த காலம். இந்த நெரிசலைக் காட்டியே அமெரிக்க அரசு கதவைச் சாத்திவிடும் என்று அஞ்சிய வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் ஒரு திட்டத்துக்குப் பணம் தந்தார். ஜெர்மனியின் பிரெமனில் கப்பலேறுவோரைக் கால்வெஸ்டனில் இறக்கி, ரயிலில் உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்ப வேண்டும். 1907 முதல் 1914 வரை சுமார் பத்தாயிரம் பேர் இப்படி வந்தார்கள். கோஹென் கப்பல்துறைக்கே போய் அவர்களை வரவேற்றார். இத்திஷ் மொழியில் பேசினார், அதிகாரிகளிடம் அவர்களுக்காக வாதாடினார். செய்யவேண்டியவற்றைச் சட்டைக் கைப்பட்டியில் குறித்துக்கொண்டு சைக்கிளில் ஊரைச் சுற்றுவாராம்.

கைப்பட்டிக் கதைகளில் நாம் மயங்கிவிடக் கூடாது. நாடுகடத்தப்படவிருந்த ஓர் ஏழைக்காக அவர் வாஷிங்டன் போய்க் குடியரசுத் தலைவர் டாஃப்டைச் சந்தித்ததாகவும், அந்த ஆள் யூதரல்லர், கிறிஸ்தவர் என்றறிந்து டாஃப்ட் வியந்ததாகவும் ஒரு செய்தி உண்டு. அழகான செய்தி. ஆனால் கோஹெனின் வாழ்க்கை வரலாற்றை 1941-ல் எழுதியவர்கள் அவர் குடும்பத்தார். அன்பு கலந்த சான்றை எப்படி எடைபோடுவது?

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. உடலுழைப்புக்கு ஏற்றவர்களையே திட்டம் தேடியது. சனிக்கிழமை ஓய்வுநாளை விடமாட்டேன் என்ற பக்தர்களை அது ஊக்குவிக்கவில்லை. ஒரு ரபி இதற்குத் துணைநின்றார்! அவர் ஓய்வுநாள் விதிகளில் அவ்வளவு கண்டிப்பில்லாத யூத சீர்திருத்த மரபினர் என்பது பாதி விடைதான். மீதி விடை ரொட்டியில் இருக்கிறது என்பது என் ஊகம்: வேலையில்லாதவன் அரசுக்குச் சுமையாவான் என்று சொல்லியே அதிகாரிகள் ஆட்களைத் திருப்பியனுப்பினார்கள். 1910-க்குப் பிறகு கெடுபிடி இறுகியது. கப்பல் பயணமோ நீளம், வசதியோ குறைவு. திட்டம் 1914-ல் நின்றது.

வந்தவர்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. கப்பல்துறையிலேயே திருப்பப்பட்டவர்கள் என்ன ஆனார்கள், அவர்கள் முன் கோஹென் என்ன சொல்லியிருப்பார் என்ற பக்கம் இன்னும் மெலிந்தே கிடக்கிறது. அவருடைய கடிதங்களும் தாள்களும் ஆஸ்டினில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளன. இளைய ஆய்வாளர்கள் யாரேனும் அங்கிருந்து தொடங்கினால் மகிழ்வேன். இன்றைய முதல் அமர்வும் திருப்பியனுப்பப்பட்டோரைப் பற்றியதுதான். கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.