இணையவழிச் சிறு வியாபாரம்
(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இணையவழிச் சிறு வியாபாரத்தைத் தொடங்குவது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும். இதனைக் கேட்டதும் பெரியோர் சிலருக்கு ஐயமும், இளைஞர் சிலருக்கு அளவு கடந்த நம்பிக்கையும் தோன்றுதல் இயல்பு. இரண்டினையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

படித்து முடித்த பிள்ளைகள் அரசாங்க உத்தியோகத்தை எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழிக்கின்றனர். வேறு சிலர் காணியை ஈடு வைத்துக் கடல் கடக்கின்றனர். 2022ஆம் ஆண்டில் வந்த பொருளாதார நெருக்கடியோ இருந்த சேமிப்பின் பெறுமதியையும் குறைத்துவிட்டது. இந்நிலையில், வீட்டிலிருந்தே சிறு முதலுடன் செய்யத்தக்க ஒரு தொழிலை அலட்சியஞ் செய்தலாகாது. ஆனால், அந்தச் சிறு முதல் பெரும்பாலும் தாயாரின் சீட்டுப் பணமாகவோ, சகோதரியின் காப்பாகவோ இருக்கும். அது வீணாகாமற் காத்தல் நமது பொறுப்பாகும்.

பெரியோர்களே! இவ்வியாபாரம் முற்றிலும் புதியதன்று. பத்திரிகையில் விளம்பரம் பார்த்துக் கடிதம் எழுதி, வி.பி.பி. தபாலில் வந்த புத்தகத்தைத் தபாற்காரரிடம் பணங் கொடுத்துப் பெற்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். முகமறியா வியாபாரியிடம், கண்ணாற் காணாத பொருளை வாங்கினோம். இன்று விளம்பரத்தின் இடத்தைக் கைத்தொலைபேசியும், தபாலின் இடத்தைக் கூரியர் சேவையும் பிடித்துள்ளன. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், இவ்வழியிற் செய்யப்படும் உடன்படிக்கைகளுக்கு நமது நாட்டிற் சட்ட அங்கீகாரமும் வழங்கியுள்ளது.

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பியர் ஒமிடியார் என்பவர் இணையத்தில் ஓர் ஏல விற்பனைத் தளத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஈபே என உலகறிந்தது அதுவே. அதில் முதலில் விலைபோன பொருள் பழுதடைந்த லேசர் சுட்டுகோல் ஒன்று. விலை 14 டொலர் 83 சதம். பொருள் பழுதானது என்பது தெரியுமா என்று விற்றவரான ஒமிடியாரே வாங்கியவரைக் கேட்டார். பழுதான சுட்டுகோல்களைச் சேகரிப்பவர் தாம் என்று அவர் விடையளித்தாராம். குறையை மறைக்காது சொன்னதனால் அவ்வியாபாரம் கெடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கடைக்கு வருபவர் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பார். புடைவையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பார். இணையத்தில் வாங்குபவருக்குக் கண்ணும் கையும் நமது சொல்லே. அச்சொல் பொய்த்தால் பொருளும் பொய்த்துவிடும். நாம் இன்று சொல்லப் போவன யாவும் இவ்வொன்றிலிருந்தே பிறப்பன.

முதலாவது, ஒரே ஒரு பொருளுடன் தொடங்குங்கள். அது நாம் நன்கு அறிந்த பொருளாக இருத்தல் வேண்டும். பனையோலைப் பெட்டியாகலாம், புழுக்கொடியலாகலாம், தைத்த குழந்தைச் சட்டையாகலாம். கடன்பட்டு நூறு வாங்கி அடுக்காதீர்கள். பத்தை விற்றுப் பாருங்கள். அப்பத்துப் பேர் சொல்லும் குறைநிறைகளே அடுத்த அடிக்கு வழிகாட்டும்.

இரண்டாவது, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பகல் வெளிச்சத்திற் படம் பிடியுங்கள். நீளம், அகலம், நிறை ஆகியவற்றை அளந்து சொல்லுங்கள். சாயம் போகுமாயின் போகும் என்றே எழுதுங்கள். நாலு நாளில் அனுப்ப முடியுமானால் ஐந்து நாள் என்று சொல்லி, நாலாம் நாளே அனுப்புங்கள்.

மூன்றாவது, கணக்கு. ஓர் உதாரணம் பார்ப்போம். பெட்டி பின்னியவருக்குக் கொடுப்பது 600 ரூபா, பொதி செய்ய 80, கூரியருக்கு 400. மொத்தம் 1080 ரூபா. விலை 1000 ரூபா, அனுப்பும் செலவு இலவசம் என்று அறிவித்தால் ஒவ்வொரு பெட்டியிலும் 80 ரூபா நட்டம். நிறைய விற்றால் நிறைய நட்டம்! அதே பெட்டி இரண்டை ஒரே பொதியில் அனுப்பினால், பொருள் 1200, பொதி 100, கூரியர் 450 என 1750 ரூபா செலவாகும். 2000 ரூபாவுக்கு விற்க 250 ரூபா மிஞ்சும். பொருள் சேர்ந்தபின் பணம் பெறும் முறையில் ஒருவர் பொதியை ஏற்க மறுத்தால், அந்த 450 ரூபாவும் நம் தலையிலே விழும். ஏறக்குறைய இரண்டு பொதிகளின் இலாபம் போய்விடும். அம்மா பின்னிய பெட்டியாயினும் அவரது கூலியைக் கணக்கில் எழுத மறவாதீர்கள்.

நான்காவது, பணம் பெறுதல். பணம் அனுப்புபவருக்கு நமது கணக்கிலக்கம் போதும். ஓ.ரீ.பி. எனப்படும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலுங் கொடுத்தலாகாது. பணம் கட்டிய துண்டின் படத்தை மட்டும் நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா என்று பார்த்த பின்னரே அனுப்புங்கள்.

ஐந்தாவது, பதிவும் பதிவேடும். வியாபாரப் பெயரைப் பதிவு செய்தற்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். உணவுப் பொருளாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையையும் பெறுங்கள். வாங்கியவர் பெயர், பொருள், திகதி, தொகை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் இன்ஸ்ரகிராமும் உலகெங்கும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் செயலற்றுப் போயின. பிறர் நிலத்திற் போட்ட கொட்டிலே நமது இணையக் கடை. கொப்பி ஒன்றே நமது சொந்த நிலம்.

இன்னொரு எச்சரிக்கை. முதலிற் பணம் கட்டு, பின்பு இருவரைச் சேர், வீட்டிலிருந்தே செல்வனாகலாம் என்று அழைப்பவர்களும் இணைய வியாபாரம் என்றே பெயர் சொல்லுகின்றனர். ஆட்சேர்ப்பினாற் பணந் தரும் அத்தகைய பிரமிட் திட்டங்கள் நமது நாட்டிற் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டவை. விற்கப்படும் பொருள் எது, அதனை விரும்பி வாங்குபவர் யார் என்று கேளுங்கள். நேரான விடை வராவிடின் எழுந்து வந்துவிடுங்கள்.

திருவள்ளுவர் வாணிகத்தின் இலக்கணத்தைப் பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்திற் கூறவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்தார். தராசும் படியும் கண்முன்னே இருந்த காலத்து வணிகருக்கே அது வேண்டியிருந்ததெனில், முகங் காணாது விற்கும் நமக்கு எவ்வளவு வேண்டும்!

பெரியோர்களே! பிள்ளை கைத்தொலைபேசியுடன் இருப்பதெல்லாம் பொழுதுபோக்கென்று எண்ணிவிடாதீர்கள். விறாந்தையில் ஒரு மூலையை அவர்களுக்குக் கொடுங்கள். மாத முடிவிற் கணக்குக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இளைஞர்களே! அக்கொப்பியை ஒளிக்காது காட்டுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒரு பொருளைத் தெரிந்து, அளந்து, விலை கணித்து வாருங்கள். அதனை இங்கே வைத்து எல்லோரும் சேர்ந்து ஆராய்வோம்.