கணனி யாருக்காக உழைக்கிறது?



"அண்ணை, கணனி சும்மாதான் கிடக்குது. ஆனால் விசிறி பிளேன் மாதிரி கத்துது. பிள்ளையின்ரை வீட்டுப்பாடம் திறக்கவே பத்து நிமிசம் போகுது." இந்த முறைப்பாட்டைக் கூசேன்வில்லிலும் லாச்சப்பல் கடைகளிலும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு நாங்கள் வழமையாகச் செய்வது இரண்டு காரியம். ஒன்று, பிள்ளை கேம் விளையாடிப் பழுதாக்கிப்போட்டான் என்று ஏசுவது. மற்றது, பழசாகிவிட்டது என்று சொல்லி இன்னொன்றுக்குக் காசு எண்ணுவது.

சும்மா கிடக்கும் கணனி சூடாகாது. சூடாகிறது என்றால் அதன் மூளையாகிய புறொசெசர் வேலை செய்கிறது. வீட்டில் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை என்றால், வேலை கொடுத்தது யார் என்று பார்க்கவேண்டும். கொன்ரோல், ஷிப்ற், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். பிரெஞ்சு விண்டோஸில் 'ஜெஸ்தியோனேர் தே தாஷ்' என்ற பெட்டி திறக்கும். அதில் 'ப்ரோசெசேர்' என்ற தலைப்பின் மேல் ஒருமுறை அழுத்தினால், அதிகமாகத் தின்னுகிற நிரல் மேலே வந்து நிற்கும். நான் பார்த்த வீடுகளில் அநேகமாக அங்கே நின்றது கோப்புப் பகிரும் மென்பொருள்தான். ஈமியூல், அல்லது மியூ ரொறன்ற், அல்லது அந்த வகையில் வேறொன்று. இப்போது பலர் சந்தா கட்டிப் படம் பார்க்கிறார்கள். ஆனால் பெரிய மகன் எப்பவோ ஒரு தமிழ்ப் படத்துக்காகப் போட்ட மென்பொருள், அவன் கலியாணம் கட்டிப் போன பிறகும் ஒவ்வொரு நாளும் கணனியோடு சேர்ந்து எழும்பிக்கொண்டிருக்கும்.

இது ஏன் இவ்வளவு பாரம்? ஊருக்குப் பொருள் அனுப்புவதை நினைத்துப் பாருங்கள். ஒரு பெரிய பொதியை ஒரே ஆளிடம் கொடுக்கமுடியாது. போகிறவர்கள் பத்துப் பேரிடம் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துவிடுவோம். அங்கே வாங்குகிறவர் ஒவ்வொரு பையையும் பிரித்து, பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அடுக்குவார். 2001 இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய பிற்ரொறன்ற் முறையும் அப்படித்தான். படம் துண்டுதுண்டாக வரும். 1.4 ஜிகாபைற் படத்தை 1 மெகாபைற் துண்டுகளாக வெட்டினால் ஏறக்குறைய 1,400 துண்டு. வந்துசேரும் ஒவ்வொரு துண்டுக்கும் கணனி கணக்குப் போட்டு, அதன் கைரேகையைப் பட்டியலோடு ஒப்பிடவேண்டும். அதே நேரத்தில் வைரஸ் தடுப்பு மென்பொருளும் எழுதப்படும் கோப்பைத் தன் பங்குக்குப் பரிசோதிக்கும். புதிய கணனிக்கு இது தூசு. லாச்சப்பலில் மலிவாக வாங்கிய பழைய மடிக்கணனி திணறிப்போகும். இடையிலே பிளக்கைப் பிடுங்கிவிட்டால், அடுத்த முறை எழும்பும்போது முழுப் பொதியையும் அது முதலிலிருந்து சரிபார்க்கக்கூடும்.

ஒன்றை மறக்கக்கூடாது: உங்களுக்குப் பொதி வரும்போதே உங்கள் கணனியும் மற்றவர்களுக்குப் பொதி கட்டிக் கொடுக்கிறது. படம் முழுதாக வந்த பின்னும் அது கொடுத்துக்கொண்டே இருக்கும். மேல் மூலையில் உள்ள புள்ளடியை அழுத்தினால் சாளரம் மறையும். மென்பொருள் பெரும்பாலும் கீழே மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பதுங்கியிருக்கும். அந்தச் சிறிய படத்தின் மேல் வலது பக்கத்தை அழுத்தி 'கித்தே' என்று கொடுத்தால்தான் உண்மையில் வெளியேறும்.

அப்படி மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். விசிறி அடங்கினால் நோய் பிடிபட்டது. எண்ணிக்கையைக் குறைத்து ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் இறக்கினாலும் கணனி ஆறும். ஆனால் அது தேவையே இல்லை என்றால் நிரந்தரமாக அகற்றிவிடுவது நல்லது. கணனி வேகமாகட்டும் என்று வைரஸ் தடுப்பை நிறுத்திவைக்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். கதவு கிறீச்சிடுகிறது என்று கதவையே கழற்றுவது போன்ற வேலை அது.

மூடிய பிறகும் விசிறி அடங்காவிட்டால் விசயம் வேறு. 2015 மார்ச்சில் மியூ ரொறன்றோடு 'எப்பிக் ஸ்கேல்' என்ற இன்னொரு நிரலும் வந்து ஒட்டிக்கொண்டது என்று பாவனையாளர்கள் முறையிட்டார்கள். அது அவர்களுடைய புறொசெசரைக் கொண்டு லைற்கொயின் என்ற எண்ணிமக் காசு தோண்டியது. பாவனையாளர் சம்மதித்தால் மட்டும்தான் அது போடப்படும் என்று நிறுவனம் சொன்னது. ஆனால் 'அக்செப்தே' என்று கண்டதையெல்லாம் அழுத்துகிற எங்கள் பழக்கத்தில் சம்மதம் என்றால் என்ன? 2017 செப்ரெம்பரில் 'பைரேற் பே' தளம், வந்து பார்ப்பவர்களின் கணனியிலேயே மொனேரோ காசு தோண்டிப் பரீட்சித்தது. ஒன்றும் நிறுவத் தேவையில்லை. பக்கத்தைத் திறந்தாலே போதும், புறொசெசர் ஏறியது. இப்படியான சில நிரல்கள் மகா கள்ளன்கள். மேலே சொன்ன பெட்டியைத் திறந்தவுடன் அடங்கிவிடும், மூடியதும் மீண்டும் தொடங்கும். பெட்டி திறந்திருக்கும்போது மட்டும் விசிறி அமைதியானால் சந்தேகப்படுங்கள். கூடுதலாக 100 வாற் இழுக்கிற கணனி ஒரு நாளுக்கு 2.4 யூனிற் மின்சாரம் தின்னும். காசு தோண்டுபவருக்கு, பில் உங்களுக்கு.

இதைவிடப் பாரதூரமானது ஒன்று எங்கள் வீடுகளில் உண்டு. பிற்ரொறன்றில் நீங்கள் சேர்த்த கோப்பு மட்டும்தான் வெளியே போகும். ஈமியூல் போன்றவை அப்படியல்ல, ஒரு கோப்புறையையே பகிரும். எந்தக் கோப்புறை என்று கேட்கும்போது விளங்காமல் முழு டிஸ்க்கையும் காட்டிவிட்டால், அது ஒவ்வொரு கோப்பையும் வாசித்துக் கைரேகை எடுக்கத் தொடங்கும். மணிக்கணக்காகப் புறொசெசர் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அது வாசிப்பது எதை? எங்கள் கணனிகளில் ஸ்கான் பண்ணி வைத்திருப்பது எதை? ஒஃப்ப்றாவுக்கு எழுதிக்கொடுத்த அகதிக் கதை, வதிவிட அட்டை, வரிப் பத்திரம், ஊரில் இருக்கும் சகோதரங்களின் பெயரும் முகவரியும். அதையெல்லாம் முன்பின் தெரியாதவர் தேடி எடுக்கக்கூடிய இடத்தில் வைத்தது போலாகும். அமெரிக்காவில் சியாற்றில் நகரத்து ஆள் ஒருவர், லைம்வயர் முதலிய பகிர்வு மென்பொருள்கள் வழியாக மற்றவர்களின் வரிப் பத்திரங்களை எடுத்து, அவர்கள் பெயரில் பொருள் வாங்கியதற்காக 2007 இல் கைதாகி, 2008 இல் சிறை சென்றார். ஆகவே அந்த மென்பொருளை அகற்றுவதற்கு முன்னர், அதன் அமைப்புகளில் எந்தக் கோப்புறை பகிரப்பட்டிருக்கிறது என்று ஒருதடவை பார்த்துவிடுங்கள். முழு டிஸ்க்கும் என்றிருந்தால், வங்கிக் கணக்கையும் கடவுச்சொற்களையும் கவனிக்கவேண்டி வரும். பத்திரங்களை ஒரு யூஎஸ்பியில் போட்டு அலுமாரியில் வைப்பது நல்ல பழக்கம்.

கடைசியாகக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே 2009 ஜூன் சட்டத்தின் கீழ் 'அதோப்பி' அமைப்பு வந்தது. 2010 ஒக்ரோபரில் முதல் எச்சரிக்கைகள் போயின. 2022 ஜனவரி 1 இல் அது 'ஆர்கொம்' அமைப்போடு சேர்ந்தது. உங்கள் இணைப்பிலிருந்து படம் மற்றவர்களுக்குப் போவதைக் கண்டுபிடித்துத்தான் அவர்கள் எழுதுகிறார்கள். நீங்கள் வேண்டுமென்று கொடுத்தீர்களா, மூலையில் பதுங்கிய மென்பொருள் தானாகக் கொடுத்ததா என்பது அவர்களுக்குத் தெரியாது. கடிதம் யார் பெயருக்கு? பொக்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அநேகமாக அப்பாவுக்கு.

அவருக்குப் பதிவுத்தபால் என்றாலே நெஞ்சு இடிக்கும். முன்பு வந்த பதிவுத்தபால்கள் அப்படி. வாசித்துச் சொல்வதற்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரவேண்டும். சில வேளை, காரணமான பிள்ளையே வந்து வாசிப்பான்! ஆகவே விளங்கிக்கொள்ளுங்கள்: இது நீதிமன்ற அழைப்பாணை அல்ல. முதல் எச்சரிக்கை மின்னஞ்சலில் வரும். ஆறு மாதத்துக்குள் திரும்ப நடந்தால் மின்னஞ்சலோடு பதிவுத்தபாலும் வரும். அதற்குப் பிறகும் நடந்தால்தான் விடயம் அரச வழக்கறிஞருக்குப் போகக்கூடும். ஆகக் கூடிய தண்டம் 1,500 யூரோ. இணைய இணைப்பை வெட்டும் தண்டனை 2013 ஜூலையிலேயே நீக்கப்பட்டுவிட்டது. வெட்டிப்போடுவார்கள் என்று இன்னும் சொல்லித் திரிகிறவர்கள் பழைய கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த முதல் மின்னஞ்சலை அநேகமானோர் காண்பதே இல்லை. அது இணைய நிறுவனத்திடம் நீங்கள் கொடுத்த, அல்லது அவர்கள் உங்களுக்குத் தந்த முகவரிக்குத்தான் போகும். ஒப்பந்தம் எழுதிய நாளோடு நாங்கள் மறந்துபோன முகவரி அது. இந்த வார இறுதியில், பில் வரும் கணக்குக்குள் போய் அந்த முகவரி எது என்று பாருங்கள். கடவுச்சொல் தெரியாவிட்டால் நிறுவனத்துக்கு அழைத்துப் புதிதாக எடுங்கள். மகனோ மகளோ பக்கத்தில் இருந்தால் நல்லது.