பாஸ்கா இரவில் எம்மொழி?



வாட்டர்லூ தெருவில் 1878ஆம் ஆண்டு எழுந்த மகேன் அபோத் என்னும் யூதத் தொழுகைக்கூடத்தை நம்மில் பலர் கடந்து சென்றிருப்போம். சிங்கப்பூரின் பழைய யூதக் குடும்பங்களிற் பல பாக்தாத் வழிவந்தவை. அவர்கள் கொண்டாடும் பாஸ்கா விழாவை இன்று மொழியியல் நோக்கில் காண்போம். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் விழா அது.

விழாவிற்கு முந்திய இரவு, மெழுகுவர்த்தி ஒளியில் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தேடிப் புளித்த மாவுப் பண்டங்களை அகற்றுவர், காலையில் எரிப்பர். கண்ணிற் படாது எங்கேனும் கிடப்பதும் இனித் தமக்குரியதன்று, மண்துகளுக்கு ஒப்பானது என்று உறுதிமொழி கூறுவர். இவ்வுறுதிமொழி வேதமொழியாகிய எபிரேயத்தில் இல்லை, அரமேயத்தில் உள்ளது. உடைமையைத் துறக்கும் சட்டக் கூற்று இது. பொருளறியாமற் சொன்னால் துறந்ததாகுமா? ஆதலின் அக்கால மக்கள் பேசிய மொழியிலே அமைந்தது. அரமேயமும் பேச்சுவழக்கிலிருந்து விலகியபின், அவரவர்க்கு விளங்கும் மொழியிற் சொல்லுக என்று 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்த சட்ட அறிஞர் மோசே இசர்லிஸ் எழுதினார்.

விருந்தின் தொடக்கத்தில், பசித்தோர் யாவரும் வந்து உண்க என விடுக்கும் அழைப்பும் அரமேயமே. பசித்தவனுக்கு விளங்காத அழைப்பு யாருக்கு? இவ்வழைப்பு சொல்லளவில் நிற்பதன்று. ஏழையர்க்குப் பாஸ்கா மாவு வாங்கப் பொருள் திரட்டுவது சமூகத்தின் கடமையாகவே இருந்துவருகிறது.

இனி, அவ்விரவின் உயிர்நாடிக்கு வருவோம். இந்த இரவு ஏனைய இரவுகளினின்று ஏன் வேறுபட்டது என இளையவர் கேட்க வேண்டும். விடுதலைக் கதை முழுவதும் அதற்கு விடை. கீரையை உப்புநீரில் தோய்த்து உண்பதுகூடக் குழந்தையை வியக்கவைத்துக் கேள்வி எழுப்பவே என்பர். குழந்தை இல்லையேல் மனைவி கேட்பாள். தனித்திருப்பவன் தன்னையே கேட்டுக்கொள்வான். சட்டமெல்லாம் கற்ற அறிஞர் இருவர் இருந்தாலும் ஒருவரையொருவர் கேட்டாக வேண்டும் என்கிறது தால்முத்.

சடங்கு மொழியைக் காக்கும் என்பார் கூற்றை நாம் முற்றும் ஏற்பதற்கில்லை. சடங்கு ஒலியைக் காக்கும். அதற்கு அரமேயமே சான்று. விளங்குவதற்கென வைத்த மொழி, இன்று விளக்கவுரை வேண்டும் மொழியாயிற்று. ஆயினும் கேள்வி மட்டும் கிழக்கு ஐரோப்பிய வீடுகளில் இத்திஷிலும், ஸ்பெயின் வழிவந்தோரிடம் லதினோவிலும் ஒலித்தது. மொழி மாறிற்று, கேட்கும் கடமை மாறவில்லை.

ஈராக்கிய யூதரிடையே இனியதொரு வழக்கம் உண்டு. புளிப்பில்லா அப்பத்தைத் துணியில் முடிந்து சிறுவன் தோளிலிட்டு வருவான். எங்கிருந்து வருகிறாய் என்று பெரியோர் தம் வீட்டு அரபியில் வினவுவர். எகிப்திலிருந்து என்பான். எங்கே போகிறாய்? எருசலேமிற்கு என்பான். சிங்கப்பூரில் அவ்வழி வந்தோர் வீடுகளில் அந்த அரபியின் இடத்தை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது.