செத்த பிறகு அண்ணன்

(திண்டிவனத்தில் எழுதத் தொடங்கியிருக்கும் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய சிறுகதைக் கருத்தரங்கில் பேசியது. பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சிறுகதையில் சகோதரத்துவமும் குற்றவுணர்வும்’. நான் கவிதை எழுதுறவன். பகல்ல வங்கியில குமாஸ்தா. விமர்சகன் இல்லை. அதனால ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். நம்ப தமிழ்ச் சிறுகதைகள்ல சாதி இந்துவின் மனசாட்சி எப்ப முழிச்சிக்குது? பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகு. சேரிக்காரன் அவனுக்கு எப்ப அண்ணனாகிறான்? பொணமான பிறகு. இது ஏன் இப்படி இருக்கு, இதை எப்படி உடைக்கிறது என்பதுதான் என் பேச்சு.

இதைப் புரிஞ்சிக்கப் புத்தகத்துக்குப் போகவேண்டியதில்லை. நம்ப பக்கத்துக் கூத்துக்குப் போனாலே போதும். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரம் முழுக்க திரௌபதி அம்மன் கோயில்கள். பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து. அதுல ‘கர்ண மோட்சம்’ அன்னிக்கு விடிய விடிய ஜனம் உட்கார்ந்திருக்கும். கர்ணன் யாரு? பாண்டவங்களுக்கு மூத்தவன். அவன் உயிரோட இருந்தவரைக்கும் தேரோட்டி மகன். கட்டின பொண்டாட்டி பொன்னுருவியே பொறப்பைச் சொல்லி ஏசுவா. பெத்த தாய் குந்தி ஒருமுறை தேடி வந்து ‘மகனே’ன்னு கூப்பிடுறா. எப்ப வர்றா? சண்டைக்கு முன்னாடி, தனியா, வரம் கேட்கறதுக்கு. ஊரறியச் சொல்லலை. ஊரறிய அவனை மடியில போட்டு அழுவது அவன் சாய்ந்த பிறகுதான். அப்புறம்தான் தம்பிமாருக்கும் தெரியுது, கொன்னது அண்ணனைன்னு. அவங்களும் அழறாங்க. நம்ப ஜனமும் அழுது.

அழட்டும், நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்தக் கூத்து நடக்கிற கோயிலைப் பாருங்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் அடிக்கப்பட்டார்கள். ஜூனில் வருவாய்த்துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மார்ச்சில் பூசைக்காகத் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் போலீஸ் காவலோடுதான் நம்ப ஜனங்க உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. கர்ணனுக்காக அழுத அதே கண்ணு, வாசல்ல நிக்கிறவனைப் பார்த்தா சிவக்குது. அழுகையும் அடியும் ஒரே ஊரில் சண்டையில்லாமல் சேர்ந்து வாழ்கின்றன. கதைகளை வாசிக்கும்போது நான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதைத்தான்.

சகோதரத்துவம் என்கிற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அது மேடைச் சொல். நம்ப ஊருல யாரும் யாரையும் ‘சகோதரா’ன்னு கூப்பிடறதில்லை. கிராமத்துல ‘அவங்க எங்களுக்கு அண்ணன் தம்பி முறை’ன்னு சொன்னா, ஒரே சாதி, பொண்ணு எடுக்க முடியாத பங்காளின்னு அர்த்தம். ‘மாமன் மச்சான் முறை’ன்னா பொண்ணு கொடுத்து எடுக்கிறவன். இந்த இரண்டு முறையும் காலனிக்கு வருகிற தெருவோடு நின்றுவிடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் முறையே கிடையாது. எழுபது வயசுக் கிழவனை ஊர்ப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். கிழவன் அந்தப் பையனை ‘ஆண்டே’ என்பான். ஆக, தமிழில் உடன்பிறப்புக்கு உண்மையான சொல் ‘பங்காளி’. பங்கு உள்ளவன். நிலத்தில், வீட்டில், கோயில் மரியாதையில், சாவுக்குக் கொள்ளி வைப்பதில் பங்கு உள்ளவன். பங்கில்லாதவனைச் ‘சகோதரன்’ என்று சொல்வதற்குச் செலவே இல்லை.

பாபாசாகேப் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரமும் சமத்துவமும் மேலே அடித்த பெயிண்ட்டு மாதிரிதான் என்கிற பொருளில் எச்சரித்தார். 1954இல் வானொலியில் பேசியபோது இந்த மூன்று சொல்லையும் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்றார். அவருக்கு அது வெறும் உணர்ச்சி இல்லை. ஒருத்தனோட ஒருத்தன் வாழும் முறை.

இப்ப கதைக்கு வருவோம். புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய ‘புதிய நந்தன்’. ஆதனூர். கண் தெரியாத கிழவன் கருப்பன். அவன் மகன் பாவாடை, பாதிரி கையில் வளர்ந்து, அங்கேயும் சாதி இருப்பதைப் பார்த்துவிட்டு, சுயமரியாதை இயக்கத்துக்குப் போய்த் தோழர் நரசிங்கம் ஆகிறான். அக்கிரகாரத்துப் பையன் ராமநாதன் காந்திக் கட்சி. கருப்பன் மகளோடு அவனுக்கு உறவு. கடைசியில் தண்டவாளத்தில் கிழவன் நடந்து வருகிறான். காந்தி வருகிற ரயில். காப்பாற்ற இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பேர் ஓடுகிறார்கள். மூவர் மேலும் ரயில் ஏறுகிறது. மூன்று பேர் ரத்தமும் ஒன்றாகக் கலக்கிறது.

தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் இதை எழுத நெஞ்சுரம் வேண்டும். சீர்திருத்தக்காரர்களை, பாதிரியை, எல்லாரையும் கிண்டல் செய்கிற கதை. எனக்கு மரியாதை உண்டு. ஆனா ரெண்டு கேள்வியும் உண்டு. ரத்தம் கலக்கறதுக்கு ஏன் ரயில் வேணும்? அந்த வயசான மனுசனுக்கு ஒரு சொம்புத் தண்ணி குளத்துல கலந்திருந்தா ரயிலே வேணாமே. இன்னொண்ணு, கருப்பன் மகள். அப்பன் போயிட்டான், அண்ணன் போயிட்டான், நெனைச்சவனும் போயிட்டான். மறுநாள் காலையில அவ யாரு வீட்டு வயலுக்குப் போனா? ஆண்கள் மூவரும் சாவில் சகோதரர்கள் ஆகிவிட்டார்கள். அவளுக்கு அந்தச் சகோதரத்துவத்தில் என்ன பங்கு? கதை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பார்க்கிற வேலையிலிருந்து ஒரு உதாரணம் சொல்றேன். வங்கியில் ‘ரைட் ஆஃப்’ என்று ஒன்று உண்டு. வசூலாகாத கடனை ஒரு கட்டத்தில் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஐந்தொகை சுத்தமாகத் தெரியும். ஆனால் கடன் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. வாங்கினவன் கடன்காரன்தான், வசூலிக்கிற உரிமை அப்படியேதான் இருக்கும். குற்றவுணர்வுக் கதைகள் செய்வது இந்த ரைட் ஆஃப்தான். கடைசிப் பத்தியில் பாத்திரம் அழுகிறது, வாசகன் கண் கலங்குகிறது, இரண்டு பேர் மனசும் சுத்தமாகிவிடுகிறது. கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. எவ்வளவு கடன்? 1892இல் அன்றைய சென்னை மாகாணத்தில் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஒன்று போதும் கணக்குப் பார்க்க. அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள். அழுகிறவர்களிடம் நிலத்தைக் கேட்டால் அழுகை நின்றுவிடும்.

இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் விழுப்புரம். 1978 ஜூலையில் அங்கே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஆனால் அந்த ஊரில் வளர்ந்த நம்பள்ல யாருக்கும் அது பழைய செய்தி இல்லை. இதை ஒரு பெரிய பத்திரிகைக்கு எழுதினால் எப்படி எழுதுவார்கள் என்று என்னால் இப்போதே சொல்ல முடியும். ஒரு கடைக்காரர் மகன். நல்லவன். ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். தெரிந்த முகம் ஒன்று ஓடி வருகிறது. கதவைத் திறக்கவில்லை. முப்பது வருடம் கழித்து ஒரு ராத்திரியில் தூக்கம் வராமல் அழுகிறான். பரிசு கிடைக்கும்.

அப்படி ஒருத்தன் இருந்திருக்கக்கூடாதா என்று கேட்கலாம். இருந்திருக்கலாம். அவனை எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனா செத்தவன் பொண்டாட்டிய யோசிச்சிப் பாருங்க. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ புள்ளைங்களுக்குச் சோறாக்கணும். அரிசி எங்க வாங்குவா? அதே கடைத்தெருவுலதான். அதே தராசுக்கு முன்னாடி போய் நிக்கணும். அவன் கை அரிசி அளக்குது, இவ கண்ணு அந்தக் கையைப் பார்க்குது. அவன் அழறானா இல்லியா என்பது அவளுக்கு வேண்டாத விஷயம். எடை சரியா இருக்கான்னுதான் பார்ப்பா. இந்தக் கதையை நம்மள்ல ஒருத்தர்தான் எழுதமுடியும். மறைந்த விழி. பா. இதயவேந்தன் அந்த மண்ணிலிருந்து எழுதியவர். தன் தொகுப்புக்கு ‘நந்தனார் தெரு’ என்று பெயர் வைத்தார். நந்தன் என்கிற தனி ஆள் இல்லை, தெரு. தீயில் இறக்கிவிட்டு அப்புறம் நாயனாராக்க முடிகிறது ஒரு ஆளைத்தான். ஒரு தெருவை அப்படிச் செய்ய முடியாது.

உயிரோடு இருக்கும்போதே முறை கொண்டாடுகிற கதை ஒன்று சொல்கிறேன். பாமாவின் ‘கிசும்புக்காரன்’ தொகுப்பு, 1996இல் வந்தது. அதில் ‘அண்ணாச்சி’ என்று ஒரு கதை. அம்மாசி என்கிற நம்ப பையன், நிலக்காரரை ‘முதலாளி’, ‘சாமி’ன்னு சொல்லாம ‘அண்ணாச்சி’ன்னு கூப்பிடறான். அவ்வளவுதான் குற்றம். ஊரே பத்திக்கிட்டு எரியுது. கதையில் சாவு இல்லை, குற்றவுணர்வு இல்லை, யாரும் திருந்தவும் இல்லை. ஒரு சொல்தான் இருக்கிறது, அதுவும் மரியாதையான சொல். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அண்ணன் என்றால் பங்காளி என்று அந்த நிலக்காரருக்கு நன்றாகத் தெரியும். சிரித்துக்கொண்டே வாசிக்கிற கதை. ஆனால் ‘புதிய நந்தன்’ ரயிலை ஏற்றிச் செய்ததை இது ஒரு விளியால் செய்கிறது என்பது என் வாசிப்பு.

இமையத்தின் ‘பெத்தவன்’ 2012இல் வந்தது. தலித் இளைஞனைக் காதலித்த மகளைக் கொல்லச் சொல்லி ஊர் பஞ்சாயத்து தீர்ப்புச் சொல்கிறது. தகப்பன் ராத்திரியில் அவளை அனுப்பிவிட்டுத் தான் விஷம் குடிக்கிறான். இங்கே தலைகீழாக நடக்கிறது. நம்ப பையன் சாகலை. பொண்ணும் சாகலை. ஊர்க்காரன் தன் உயிரையே பங்காகக் கொடுக்கிறான். வெறும் கண்ணீரில் முடிகிற கதைகளைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த அப்பன் விடிஞ்சி எழுந்து சம்பந்தி வீட்டுக்கு வந்து ஒருவாய் சாப்பிடுகிற காலையை அந்தக் கதையால் எழுத முடியவில்லை. குறை எழுத்தாளரிடம் இல்லை. அப்படி ஒரு காலையை இந்த வட்டாரம் இன்னும் அவருக்குக் கொடுக்கவில்லை.

ஜெயமோகனின் ‘நூறு நாற்காலிகள்’ 2011. நாயாடி சாதியில் பிறந்து ஐ.ஏ.எஸ். ஆனவன், பிச்சையெடுக்கும் தன் தாயைப் பற்றிச் சொல்கிறான். மகன் நாற்காலியில் உட்கார்வதைப் பார்த்தே நடுங்குகிற தாய். படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதையில் குற்றவுணர்வின் பாரம் முழுக்க யார் தலையில்? மேலே வந்த மகன் தலையில். அவனுக்கு நாற்காலி தரத் தயங்கிய அலுவலகத்துக்கு உறுத்தலே இல்லை. இந்த ஏற்பாடு நம்ப படிச்ச பிள்ளைகளுக்குப் பழகிப்போச்சு. வேலை கிடைத்து நகரத்துக்குப் போனவன் ‘அம்மாவை விட்டுட்டேன், சேரியை விட்டுட்டேன்’ என்று கதை எழுதுகிறான். விட்டது அவன் மட்டுமா? வாடகைக்கு வீடு தராதவன் கதையில் ஏன் வரவில்லை?

கடைசியாக, நமக்குள்ளே. இதைச் சொல்லாமல் இறங்கினால் பேச்சு பொய்யாகிவிடும். ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது நம்மிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. சேரிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் வீட்டு ஆரோக்கியம், ராச்சோறு வாங்க நம்ப வாசலில் வந்து நிற்கிறாள். நம்மைக் காட்டிக்கொடுக்கிறான் என்று பேசினார்கள். அவளைப் பொறுத்தவரை நாமதான் ஊர். 2009இல் 18 சதவீதத்துக்குள் அருந்ததியர்க்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்றது. சட்ட நுணுக்கத்தில், அரசியல் கணக்கில் மாற்றுக் கருத்து இருக்கலாம், பேசலாம். ஆனால் தம்பி பங்கு கேட்டதும் அண்ணனுக்கு வருகிற கோபம் எனக்குத் தெரிந்த கோபம்தான். நம்மைப் பார்த்து ஊர் பட்ட கோபம் அது. இருளர் குடிசையிலிருந்து ஒரு பையன் நம்ப தெருவுக்கு வந்து ‘அண்ணே’ன்னு கூப்பிட்டா நம்ப முகம் எப்படி இருக்கும்? இதைப் பற்றி நமக்குக் கதை வேண்டும். அழுகிற கதை வேண்டாம். ‘அண்ணாச்சி’ மாதிரி, கூப்பிடுகிற கதை.

எழுதப்போகிற தம்பி தங்கைகளுக்கு இரண்டே வேண்டுகோள். கதையில் யாராவது வருந்தினால், வருந்தினவர் மறுநாள் எதைத் திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த வருத்தத்தை எடுத்துவிட்டுக் கதையை நிறுத்திப் பாருங்கள், நிற்கிறதா என்று. இரண்டாவது, ஒருத்தரை அண்ணன் என்று கூப்பிட வைப்பதற்காக அவரைச் சாகடிக்காதீர்கள். நம்ப ஜனங்க நெஜத்துல செத்ததே போதும்.

மாற்றுக் கருத்து இருக்கிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள். டீ வருவதற்குள் சண்டையை ஆரம்பிக்கலாம். ஜெய்பீம்.